தூக்கி எறியும் தக்கை



பழைய வைன் பாட்டில் கார்க்கை வைத்து வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று மேல்நாட்டார் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம்ம திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டில் வைன் பாட்டில் இருக்கிறது? ஆனால் கார்க் இருக்கிறது. ஷட்டில் விளையாடி இறகு ஒடிந்ததும் மூலையில் வீசுகிறோமே, அந்தப் பந்தின் தலை பெரும்பாலும் கார்க்தான். அதை நான் பொறுக்கிச் சேர்த்தபோது, "ஏலே, இதுக்காடே டிப்ளமோ படிக்க வந்தே?" என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

தமிழில் இதற்குத் தக்கை என்று பெயர். தூண்டிலில் மிதப்பதும் தக்கை. நெல் நடுமுன் பசுந்தாளுரமாக மடக்கி உழுகிற செடிக்கும் தக்கைப்பூண்டு என்றே பெயர். ஆனால் கார்க் என்பது ஓக் இனத்து மரம் ஒன்றின் பட்டை. உலக விளைச்சலில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில். மரம் வளர்ந்து சுமார் 25 ஆண்டு கழித்தே முதல் பட்டை உரிப்பார்கள். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. பாட்டில் மூடிக்குத் தகுந்த தரம் மூன்றாவது உரிப்பில்தான் வரும். 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கார்க்கைப் பார்த்துத்தான் 'செல்' என்ற பெயரையே வைத்தார். அவர் கண்டது வெறும் அறைகள், உள்ளே காற்று.

அந்தக் காற்றில்தான் விஷயமே இருக்கிறது. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். அதன் பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டியது. கார்க்குக்கு அது பூஜ்யத்தை ஒட்டியது. அதனால்தான் பாட்டில் கழுத்தில் பிதுங்காமல் நேராக இறங்குகிறது. பழைய ஸ்கூட்டர் கிளட்ச் பிளேட்டில் கார்க் ஒட்டியிருந்ததை ஒர்க்ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். எண்ணெயில் நனைந்தும் பிடிமானம் போகாது.

இனி உபயோகம். குறுக்குத்துறையில் குளிக்கப் போய்ச் சாவியைத் தாமிரபரணிக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு கணக்குப் போடுவோம். ஷட்டில் தலையின் விட்டம் விதிப்படி 25 முதல் 28 மி.மீ. கன அளவு சுமார் 10 க.செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முழுதும் அமிழும்போது 10 கிராம் தண்ணீரை விலக்கும். தன் எடை 2, 3 கிராம் போக 7 கிராம் மிச்சம். சாதாரண சைக்கிள் சாவிக்கு இது போதும். பைக் சாவி, வளையம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு, மூன்று தலை கோக்க வேண்டும். இறகு செருகிய 16 துளைகளையும் மெழுகு உருக்கி அடைத்துவிட்டு, முதலில் வாளியில் போட்டுப் பாருங்கள். ஆற்றில் சோதனை வேண்டாம்.

அடுத்தது நம் டிராயிங் பெட்டி. காம்பஸ், டிவைடர், ஸ்கிரைபர் முனைகளை ஒரு துண்டுக் கார்க்கில் குத்தி வைத்தால் பையும் கிழியாது, விரலும் தப்பும். வீட்டில் அருவாமனை நுனிக்கும் இதே வைத்தியம். 5 மி.மீ. வில்லையாக நறுக்கி நாற்காலிக் காலில் ஒட்டினால், பரீட்சைக்கு முந்தின ராத்திரி பக்கத்து அறைக்காரன் சண்டைக்கு வரமாட்டான்.

வெட்டும்போது பொடிந்தால் குறை கார்க்கில் இல்லை, பிளேடில். பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்க வைத்துப் புது பிளேடால் அறுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். மலிவான பந்துகளில் தலை வெறும் ஸ்பாஞ்ச். அறுத்த முகத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால்தான் கார்க்.

ஒரு எச்சரிக்கை. நைட்ரிக் அமில பாட்டிலுக்குக் கார்க் மூடி ஆகாது. அமிலம் அதை அரித்துவிடும். இதைவிட முக்கியம், பூச்சிமருந்து பாட்டிலை மூடிய கார்க். அறைகளுக்குள் இறங்கிய மருந்து எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. வயலில் வேலை முடிந்ததும் "நல்ல பாட்டில்தானே" என்று எண்ணெய் ஊற்ற எடுத்து வருகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த பாட்டிலும் மூடியும் வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது என்று இந்த லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சொல்லுங்கள்.