விளையாட்டுக்கு உகந்த ஹெட்போன்
பிறையிலோ, பாலம் கடந்து ஜார்ஜ் டவுனின் பிராங்கின் மாலிலோ வீடியோ விளையாட்டுக்கென ஹெட்போன் வாங்கப் புகுவோர், வண்ண விளக்குகளிலும் ‘7.1’ சுற்றொலி என்ற விளம்பரத்திலும் சித்தத்தைப் பறிகொடாமல், எதிரியின் காலடி இடப்புறமா வலப்புறமா என்பதை நல்ல ஸ்டீரியோவே தெளிவாக உணர்த்திவிடும் என்பதை முதற்கண் மனத்தில் இருத்துவது உசிதம். புளூடூத்தில் துப்பாக்கி வெடித்த பிறகே சப்தம் சற்றுத் தாமதித்து வருமாதலால், கம்பியுள்ளதோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதோ மேல். நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோலுறை வியர்வையில் ஊறி நாளடைவில் உரிந்துபோகும், துணியுறையே சுகம். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனுடனேயே மாட்டிப் பார்க்கட்டும். யாவற்றினும் பிரதானம் செவியின் க்ஷேமம்: உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலாயின் 4 மணி நேரமே. ஆகையால் பிள்ளைகளுக்கு வாங்கும்போது, ஒலிக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி உண்டா என்று விசாரித்தே பணத்தைக் கொடுங்கள்.