கட்டடத் தொழிலும் கைவல்லுநரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கடையம். வில்வவனநாதரும் நித்திய கல்யாணியும் கோயில் கொண்ட இவ்வூர், பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊருமாகும். இதன் மேற்கே ராமநதி அணை 84 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கி நிற்கின்றது. வயலும் தோப்பும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், உழவும் பீடி சுற்றுதலும் போலவே, கட்டடத் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறளித்து வருகின்றது.

முற்காலத்தில் இப்பகுதியின் வீடுகள் கல், செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு ஆகியவற்றால் எழுந்தன. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலுடன் சேர்த்து நெடுநேரம் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் அதில் கலப்பர். அச்சாந்து உடனே இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, ஆண்டுகள் செல்லச் செல்ல அது மீண்டும் கல்லின் தன்மையை அடையும். சாந்தின் பதத்தை அளந்து காட்டும் கருவி எதுவும் அந்நாளில் கொத்தனாரிடம் இல்லை. அவருடைய விரல்களே அதனை அறிந்தன.

1949ஆம் ஆண்டில் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் சிமெண்டு ஆலை தோன்றியது. நாளடைவில் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டு கைப்பற்றிக்கொண்டது. சிமெண்டுக் கலவை சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். ஆயினும் ஏழு நாளேனும் அதனை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். அதன் வலிமையை 28ஆம் நாளில் சோதித்து அளப்பது பொறியியலார் வழக்கம். காசு கொடுத்து வாங்கிய வலிமையைத் தண்ணீர் ஊற்றச் சோம்பி இழப்பார் இன்றும் பலர்! கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுவர்களின்மேல் கிடக்கும் உத்திரத்தின் அடிப்பாகத்தில் இழுப்பு மிகுதியாதலின், அங்கே இரும்புக் கம்பி இடுகின்றனர். இவ்வாறு கம்பி கட்டுவோர், பலகை அடைப்போர், குழாய் பொருத்துவோர், தரையில் ஓடு பதிப்போர் எனப் புதிய வினைஞர் பலர் தோன்றினர்.

எனினும் பழைய கைத்திறனுக்கு வேலை அற்றுப்போகவில்லை. தென்காசி விசுவநாதர் கோயிலே இதற்குச் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய அக்கோயிலின் இராசகோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் அந்நிலையிலேயே நின்றது; 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் நிறைவு பெற்றது. பின்னாளில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின், அதனை நீக்கிக் காப்போரை உலகறியத் தான் பணிவதாக அம்மன்னன் கல்வெட்டுப் பாடலில் பொறித்துள்ளான். முடிசூடிய மன்னன், பிறவாத வினைஞரையும் வணங்கினான் என்பது எண்ணத்தக்கது. குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் கடையத்தின் அண்டை ஊராகிய அம்பாசமுத்திரத்தில் கல் செதுக்கப்பட்டது. கணபதி ஸ்தபதியார் வகுத்த அளவுப்படி கற்றச்சர்கள் உளிகொண்டு அவ்வேலையை முடித்தனர்.

சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடும். ஆகவே பழங்கட்டடங்களைச் செப்பனிடப் பழைய சாந்தை அறிந்தவரே வேண்டும். அத்தகையோர் அருகி வருகின்றனர்.

கடையத்துத் தொழிலாளரின் ஆண்டுக் கணக்கு மழையோடு பிணைந்தது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும். பூசிய சுவர் உலராது; வெளிவேலை நிற்கும்; அன்றாடக் கூலியும் நிற்கும். செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரளத்தில் கூலி மிகுதி என்று செல்வோர் உண்டு. இங்கு ஆள் குறையும்போது, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் அவ்விடத்தை நிரப்புகின்றனர். அவர்களும் தம் வீட்டை விட்டு வந்தவர்களே.

சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு முன்னாளில் உறவினரைத் தவிர வேறு துணையில்லை. தமிழக அரசு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. 1994இல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. வாரியத்தில் பெயரைப் பதிவு செய்தோர்க்கு விபத்து உதவியும், பிள்ளைகளின் படிப்பிற்கு உதவித்தொகையும், முதுமையில் ஓய்வூதியமும் உரியன. பதியாமலும், பதிந்ததைப் புதுப்பிக்காமலும் இருப்போர்க்கு இவை கிட்டுவதில்லை.

வருங்காலத்தில் வீடுகளும் பாலங்களும் பெருகும். கலவை ஆலையிலிருந்தே வண்டியில் வரும். சுவர்ப் பலகைகளும் வார்த்தே வந்து சேரும். வெறும் தோள்வலிக்குத் தேவை குறையும். வரைபடத்தைப் படித்து, அளவு பிசகாது வேலை செய்வோரின் தேவை மிகும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டட வேலை கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் மின்பணியையும் பொறிப்பணியையும் நாடும் இளைஞர், கரணையைப் பிடிக்கத் தயங்குகின்றனர். கொத்தனாரின் மகனே அதனை இழிவென எண்ணுகின்றான்.

கரணை பிடிக்க விரும்புவோர் இல்லாமல் இல்லை. சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமக்கும் பெண், இருபது ஆண்டு கொத்தனாரின் அருகிலேயே நிற்கின்றாள். தூக்குக்குண்டு சுவரினின்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அவள் கண் அறியும். கலவையின் பதத்தை அவள் கை அறியும். ஆயினும் ஏட்டில் சித்தாளென்று எழுதப்பட்ட பெயர் பெரும்பாலும் அவ்வாறே நிற்கும். கூலியும் கொத்தனாரின் கூலியினும் குறைவே. அவள் கையில் கரணையைக் கொடுத்து ஒரு வரி செங்கல் கட்டச் சொல்லும் மேஸ்திரிகள் இன்னும் மிகச் சிலரே.