மற்ற ஆறு நாளும் பக்கத்தில் யார் உட்காருவது?

பியானோ வகுப்பில் சேர்த்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால், "ஏதாவது வாசிச்சுக் காட்டு கண்ணா" என்போம். பிள்ளை ஐந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்திவிட்டு ஓடிவிடும். இதற்கா இத்தனை ஃபீஸ் என்று தோன்றும். இதற்குத்தான்.

முதல் சில மாதங்கள் பாட்டுக்கானவை அல்ல, கைக்கானவை. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண் பழகும். இரட்டைக் கருப்புக் கட்டைக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது 'சி' என்று கண்டுபிடிக்கும். மோதிர விரலைத் தூக்கச் சொன்னால் சுண்டுவிரலும் கூடவே எழும்பும். விரல் நுனி மூட்டு உள்பக்கமாக மடிந்துபோகும். 'உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் இருக்கு, நசுக்கிடாதே' என்று ஆசிரியர் நூறு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த வகுப்பு?

குழு வகுப்பு: நான்கு, ஐந்து வயதுக்குப் பொருத்தம். கை தட்டி, பாடி, தாளம் பிடிபடும். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் விரலையும் கவனிக்க நேரம் இருக்காது. எத்தனை பிள்ளைகள், ஆளுக்கொரு கருவி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தனி வகுப்பு: ஆறு வயதுக்கு மேல், அரை மணி நேரம் நிலையாக உட்காரும் பிள்ளைக்கு. தப்பு அங்கேயே திருத்தப்படும். கூச்சப்படும் குழந்தைக்கும் இதுவே நல்லது. செலவு கூடுதல், ஆசிரியரோடு ஒட்டாவிட்டால் எல்லாமே கசந்துவிடும்.

ஆன்லைன்: ஊரில் ஆசிரியர் இல்லாதவர்களுக்கு. ஒலி தாமதமாக வருவதால் ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்க முடியாது. விரல்கள் தெரியும்படி போனைப் பக்கவாட்டில் வைத்து, அருகில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

எந்தக் கருவி?

61 கட்டை கீபோர்டு முதல் வருடத்துக்குப் போதும். மெல்ல அழுத்தினால் மெல்லவும், ஓங்கி அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். கட்டைகள் குட்டியாக இருக்கும் பொம்மைக் கீபோர்டு வேண்டாம்.

பிள்ளை ஒரு வருடம் தாக்குப்பிடித்தால், பியானோ போலவே கனமான கட்டைகள் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கு மாறலாம். அசல் பியானோவின் நாதமே தனி. ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது டியூன் செய்ய வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் மரம் ஊறி கட்டைகள் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

தேர்வா, சினிமாப் பாட்டா?

டிரினிட்டி என்னும் இசைத் தேர்வில் இனிஷியல், அதன்பின் 1 முதல் 8 வரை கிரேடுகள். இலக்கு இருந்தால் சில பிள்ளைகள் வேகமெடுப்பார்கள். ஆனால் தேர்வுக்குரிய சில உருப்படிகளையே வருடம் முழுக்க உருட்டும் வகுப்புகளும் உண்டு. 'மூன்றே மாதத்தில் சினிமாப் பாட்டு' என்னும் இடத்தில் பிள்ளை சீக்கிரம் வாசிக்கும். நோட்டேஷன் படிக்கக் கற்காவிட்டால், புதுப் பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கும். 'தேர்வு இல்லாத மாதங்களில் என்ன சொல்லித் தருவீங்க?' என்ற ஒரு கேள்வியே ஆசிரியரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவாக

வகுப்பு வாரத்துக்கு அரை மணிதான். மற்ற ஆறு நாளும் வீட்டில். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கட்டாயப்படுத்துவதைவிட, தினமும் சாயங்கால டிபனுக்குப் பிறகு பத்து நிமிடம் மேல். அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார உங்களால் முடியுமென்றால் மூன்றில் எந்த வகுப்பும் பலன் தரும். முடியாதென்றால் ஆன்லைனை விட்டுவிடுங்கள். ஐந்து வயதென்றால் அவசரப்படாமல் ஒரு வருடம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

உட்காரும்போது 'வாசிச்சுக் காட்டு' வேண்டாம். "இன்னிக்கு எந்த விரல் சொன்ன பேச்சு கேக்கலை?" என்று கேட்டுப் பாருங்கள். மோதிர விரலை நீட்டிக் காட்டும்.