கதிரடிக்கும் டிராக்டர் எஞ்சின் கொதிக்காமல் காக்க

களத்தில் ஒரே இடத்தில் நின்றபடி கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் பழைய டிராக்டரின் எஞ்சின் எளிதில் சூடேறிவிடும். வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விசிறி இழுக்கும் காற்றோடு தூசியும் துரும்பும் வந்து ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொள்வது முக்கியக் காரணமாகும்.

ஆகவே, தூசி வண்டியின் பக்கம் வராதபடி காற்றின் திசை பார்த்து நிறுத்த வேண்டும். இடைவேளைகளில் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்வலையில் படிந்த துரும்பைத் துடைக்கவும். மாலையில் எஞ்சின் ஆறியபின், விசிறிப் பக்கமிருந்து முன்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். அழுத்தம் மிகுந்தால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

பேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்திருந்தால் இறுக்கவும். வெடிப்பு கண்டால் மாற்றவும். உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை படிந்து சூடு தணியாது. வண்டிக்கு ஏற்ற கூலண்ட் ஊற்றுவதே நல்லது.

வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால் கதிரடிப்பதை நிறுத்தி, குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு எஞ்சினை அணைக்கவும். பெல்ட் அறுந்திருந்தாலோ நீர் ஒழுகினாலோ உடனே அணைக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கலாகாது. நீராவி பீறிட்டு முகம் வெந்துவிடும். வெறும் சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் ஹெட்டில் விரிசல் விழக்கூடும்.

அரை மணி நேரம் அடிப்பு நின்றால் பிறகு ஈடுகட்டலாம். ஹெட் பழுதானால், அறுவடை நாளில் வண்டி பட்டறையில்தான் நிற்கும்.