சரக்கு அறிவோம்: காப்பிக் காப்ஸ்யூலின் இரண்டு சீல்கள்

மளிகைக் கடைக்காரருக்குச் சீல் என்பது புதிய விஷயம் அல்ல. பருப்பையும் மிளகையும் கால் கிலோ, அரை கிலோவாகப் பாலிதீன் பைகளில் நிறைத்து, சீலிங் மெஷினில் வாயை ஒட்டும் வேலை நம் கடைகளில் தினசரி நடப்பது. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் பை உருகி ஓட்டை விழும், அழுத்தம் போதாவிட்டால் ஓரம் பிரியும், ஒட்டும் இடத்தில் மாவுத் தூசி இருந்தால் அந்த இடம் பிடிக்கவே பிடிக்காது. இவை கடைப் பையனுக்கும் தெரியும். இந்த அறிவு கையில் இருந்தால், வெளிநாட்டார் கோடிக் கணக்கில் செலவழித்து வழக்காடிய ஒரு சரக்கின் சூட்சுமத்தை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

அந்தச் சரக்கு, ஒரு குவளை காப்பிக்கு மட்டும் பொடி அடைத்த சிறிய காப்ஸ்யூல். அதற்கென உள்ள இயந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் காப்பி வந்துவிடும். இப்போது நம் நகரங்களிலும் டிபார்ட்மெண்டல் ஸ்டோர்களில் இது விற்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பொடிக் காப்பியைவிடப் பல மடங்கு விலை. ஆகவே பெட்டி ஒன்று திரும்பி வந்தாலும் கடைக்காரருக்கு அடி பலமாகவே விழும். திரும்பி வரும் பெட்டிகளில் பலவற்றுக்குக் காரணம் பொடி அல்ல, சீல்தான்.

நெஸ்லே நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் 1970-களில் இந்த முறையை உருவாக்கினார். முதல் காப்புரிமை 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நெஸ்பிரெஸ்ஸோ என்ற பெயரில் வியாபாரம் தொடங்கியது 1986-இல். ஒரு காப்ஸ்யூலில் இருக்கும் பொடி 5 முதல் 6 கிராம். இந்த அளவை மனதில் வையுங்கள். அரை கிலோ பாக்கெட்டில் ஊசித் துளை விழுந்தால் துளையை ஒட்டிய பொடிதான் முதலில் கெடும், நடுவில் உள்ளது கொஞ்ச நாள் தாங்கும். 5 கிராமில் ஓரம் ஏது, நடு ஏது? காற்று நுழைந்தால் மொத்தமும் போய்விடும்.

முதல் சீல்: சரக்கைக் காக்கும் சீல்

காப்ஸ்யூல் ஒரு சிறு கிண்ணம் போன்றது. அதன் வாயைச் சுற்றித் தட்டையான விளிம்பு ஒன்று ஓடுகிறது. கிண்ணத்தில் பொடியை நிரப்பி, மேலே மெல்லிய அலுமினியத் தாளை வைத்து, அந்த விளிம்பில் சூட்டால் ஒட்டிவிடுகிறார்கள். தாளின் உட்புறம் சூட்டில் இளகிப் பிடிக்கும் ஒரு பூச்சு இருக்கும். வேலை நம் சீலிங் மெஷின் செய்வதேதான்: சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், விளிம்பில் பொடி ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு துகள் கிடந்தால் அது சீலுக்கு அடியில் சிறிய வாய்க்கால் வெட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வாய்க்கால் வழியே மாதக் கணக்கில் காற்று போய் வரும்.

வறுத்த காப்பிக் கொட்டை கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அரைத்த உடனே அடைத்து மூடினால் காப்ஸ்யூல் உப்பிச் சீல் பிரியும். அதனால் பொடியைச் சிறிது ஆறவிட்டு வாயு தணிந்தபின்பே அடைக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜனால் தள்ளிவிடுவதும் உண்டு. அப்படியும் மிச்ச வாயு கொஞ்சம் வெளிவரும். நல்ல அலுமினியக் காப்ஸ்யூலின் தாள் இலேசாக மேல் நோக்கிப் புடைத்திருப்பது இதனால்தான். புடைப்பைக் கண்டு கெட்டுப்போன டின் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே பெட்டியில் ஒன்பது புடைத்திருக்க, பத்தாவது மட்டும் தொய்ந்து கிடந்தால் அந்தப் பத்தாவதையே சந்தேகிக்க வேண்டும்.

கிண்ணம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். அலுமினியம் காற்றை விடாது. சாதாரண பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் மெதுவாக விடும். அதன் நடுவில் காற்றைத் தடுக்கும் வேறொரு படலம் சேர்த்துப் பல அடுக்காகச் செய்தால் நன்றாகவே தாங்கும். மக்கும் வகை என்று வருகிற காப்ஸ்யூல்களில் பலவற்றுக்கு இந்தத் தடுப்புச் சக்தி குறைவு. ஆகவே அவற்றை நான்கைந்தாகவோ பத்தாகவோ கனமான வெளிப்பையில் அடைத்து அனுப்புகிறார்கள். அங்கே உண்மையான முதல் சீல் அந்த வெளிப்பைதான். நம் வழக்கப்படி பையைப் பிரித்து உதிரியாக விற்றால் சீலை நாமே உடைத்தவர்கள் ஆகிறோம். தேதியும் விலையும் அச்சிட்டது வெளிப்பையில் என்பதால் சட்டச் சிக்கலும் உடன் வரும். இந்தச் சரக்கில் உதிரி வியாபாரம் கூடாது என்பது என் கருத்து, அலுமினியக் காப்ஸ்யூலானாலும் சரி.

இரண்டாவது சீல்: இயந்திரத்துக்குள் நடப்பது

முதல் சீல் ஓராண்டு உழைக்க வேண்டும். இரண்டாவது சீலுக்கு வேலை அரை நிமிடம்தான். ஆனால் சோதனை கடுமையானது.

காப்ஸ்யூலை வைத்து இயந்திரத்தின் கைப்பிடியை இறக்கும்போது, மணி போன்ற ஒரு மூடி அதன் மேல் கவிழ்ந்து, விளிம்பை எதிரே உள்ள தகட்டோடு சேர்த்து நெரிக்கிறது. கிண்ணத்தின் அடிப்பக்கத்தை மூன்று கத்தி முனைகள் துளைக்கின்றன. அந்தத் துளைகளில் சுடுநீர் பாய்கிறது. பம்பு 19 பார் வரை அழுத்தம் தரக்கூடியது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒரு பார் என்றால் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. காப்ஸ்யூல் வாயின் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். 10 பார் என்று வைத்துக்கொண்டாலும் 70 கிலோ பாரம்! கட்டைவிரல் அளவு கிண்ணத்தின் மீது ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்த கணக்கு.

இந்த அழுத்தத்தில் தண்ணீர் சும்மா இருக்குமா? இறுகிக் கிடக்கும் பொடியின் ஊடே போவது கஷ்டம், விளிம்பைச் சுற்றி நழுவி வெளியே போவது சுலபம். விளிம்புக்கும் மணிக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அந்த வழியில் ஓடிவிடும். பொடிக்குள் அழுத்தம் ஏறாது. குவளையில் விழுவது நீர்த்த காப்பி, மீதித் தண்ணீர் கீழ்த் தட்டில்.

இதைத் தடுக்கும் ரப்பர் போன்ற மென்மையான பகுதி எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு வழிகள் உண்டு. இயந்திரத்தில் வைத்தால் காப்ஸ்யூல் மலிவாக முடியும். ஆனால் அந்த ரப்பர் தினமும் சூடுபட்டு, உப்புத் தண்ணீரின் படிவு ஏறித் தேய்ந்துபோகும். காப்ஸ்யூலிலேயே வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் புதிய சீல் கிடைக்கும், செலவு மட்டும் கூடும். நெஸ்பிரெஸ்ஸோ பின்னாளில் இரண்டாவது வழிக்கு வந்தது. அதன் காப்ஸ்யூலின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய சிலிகான் வளையம் தெரியும். கைப்பிடியை இறக்கும்போது அந்த வளையம் பிதுங்கி இடைவெளியை அடைக்கிறது. வேறு தயாரிப்பாளர்கள் சிலர் சிலிகான் இல்லாமல் அலுமினிய விளிம்பிலேயே மேடு எழுப்பி, அது நசுங்கி அடைக்கும்படி செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் காப்ஸ்யூலில் விளிம்பு விறைப்பாக இருப்பதால் இந்த நசுங்கல் அவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை.

இனி காப்பி வெளியே வர வேண்டுமே. அதற்குத்தான் அந்த ஒட்டிய தாள். எதிர்த் தகட்டில் சிறு சிறு கூம்புகள் வரிசையாக நிற்கும். உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தாள் வெளியே பிதுங்கி, அந்தக் கூம்புகளில் பட்டுக் கிழிகிறது. கிழிசல் வழியே காப்பி வடிகிறது, பொடி உள்ளேயே நின்றுவிடுகிறது. இங்கேதான் தயாரிப்பாளரின் தலைவலி. தாள் சுலபமாகக் கிழிந்தால் அழுத்தம் ஏறும் முன்பே தண்ணீர் போய்விடும். கிழிய மறுத்தால் காப்பியே வராது. கிழியாமல் ஓரச் சீல் பிரிந்துகொண்டாலோ பொடியெல்லாம் குவளைக்குள். ஆக, லாரியில் குலுங்கித் தாங்கும் பலமும் வேண்டும், குறித்த அழுத்தத்தில் கிழியும் மென்மையும் வேண்டும், தாளைவிட ஓர ஒட்டு உறுதியாகவும் இருக்க வேண்டும். மலிவுச் சரக்கு பெரும்பாலும் தவறுவது இந்த மூன்றின் பொருத்தத்தில்தான்.

அமெரிக்காவில் பரவிய கியூரிக் முறை வேறு. 1998-இல் அலுவலகங்களுக்கு விற்கத் தொடங்கிய அதில் அழுத்தம் குறைவு. பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வடிதாள் பை இருக்கும். மேலே ஓர் ஊசி மூடியைக் குத்தித் தண்ணீரை விடும், கீழே ஓர் ஊசி கிண்ணத்தைக் குத்திக் காப்பியை இறக்கும். ஊசியைச் சுற்றி இயந்திரத்திலுள்ள ரப்பர் மூடியோடு சேர்ந்து அழுத்தினால் போதும். விளிம்பு நெரிப்பு என்ற பெரிய விவகாரம் இல்லை.

சீல் தவறினால் சுவை மட்டுமே போகும் என்று எண்ண வேண்டாம். 2012 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாஷ் பெயரில் விற்ற டாசிமோ இயந்திரங்கள் லட்சக் கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. காப்பித் தட்டு வெடித்துச் சுடுநீரும் தூளும் மேலே தெறித்ததாக 100-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. தீக்காயம் பட்டவர்களும் உண்டு. நிறுவனம் தட்டைத் தாங்கும் பகுதியை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அரிசி மூட்டைக் கணக்கை மேலே சொன்னது இதற்காகத்தான். விளிம்பு வளைந்த காப்ஸ்யூலை “பரவாயில்லை, போட்டுப் பாருங்கள்” என்று வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுவது கூடாத காரியம்.

சீலைச் சுற்றி நடந்த சண்டை

பழைய காப்புரிமைகள் காலாவதியாகும் நேரம் நெருங்கியதும் போட்டியாளர்கள் நுழைந்தனர். நெஸ்பிரெஸ்ஸோவின் முன்னாள் தலைவர் ஜான் பால் கையார் தொடங்கிய நிறுவனம் 2010-இல் பிரான்சில் மக்கும் காப்ஸ்யூல்களை விற்பனைக்கு விட்டது. சாரா லீ நிறுவனமும் அதே ஆண்டில் இறங்கியது. இயந்திரத்தின் உட்பகுதியைச் சிறிது மாற்றினால் பிறர் காப்ஸ்யூல் சரியாகச் சீல் ஆகாது. விளிம்பை நெரிக்கும் மணியின் ஓரத்தில் நுண்ணிய குறுக்குப் பள்ளங்கள் இருந்தால், பிதுங்கி நிரப்பும் வளையம் இல்லாத காப்ஸ்யூலில் அப்பள்ளங்கள் வழியே தண்ணீர் கசியும். இத்தகைய தொழில்நுட்ப மாற்றங்கள் பற்றிய புகார் பிரெஞ்சுப் போட்டி ஆணையத்துக்குப் போயிற்று. 2014-இல் நெஸ்பிரெஸ்ஸோ, இயந்திர மாற்றங்களை முன்கூட்டியே போட்டியாளர்களுக்குத் தெரிவிப்பதாக உறுதி அளித்தது. அதற்கு முன் 2013 அக்டோபரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதன் காப்புரிமை ஒன்றை ரத்தும் செய்தது.

அமெரிக்காவில் கியூரிக்கின் முக்கியக் காப்புரிமைகள் 2012-இல் முடிந்தன. 2014-இல் அது மூடியில் அச்சிட்ட மசியைப் படித்துப் பிறர் சரக்கை மறுக்கும் இயந்திரத்தை இறக்கியது. சீலால் முடியாததை மசியால் பூட்டப் பார்த்தார்கள்! வாங்குவோர் முகம் சுளித்தனர். மறு ஆண்டே, சொந்தப் பொடியைப் போட்டுக்கொள்ளும் வடிகிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது.

நமக்கு இதனால் ஆவது என்ன? “இந்த இயந்திரத்துக்குப் பொருந்தும்” என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, அச்சிட்ட காலத்து இயந்திரத்துக்கே சொல்லக்கூடிய வார்த்தை. புதிய மாடலுக்குப் பொருந்தாமல் போகலாம். கொள்முதலுக்கு முன் எந்தெந்த மாடலில் போட்டுப் பார்த்தார்கள் என்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் கேளுங்கள். நெஸ்பிரெஸ்ஸோவிலேயே பழைய வகை வேறு, 2014-இல் வந்த சுழலும் வெர்டுவோ வகை வேறு. ஒன்றில் மற்றொன்று நுழையாது.

கடையில் செய்ய வேண்டியது

பெட்டி வந்ததும் ஒன்றைப் பிரித்து விளிம்புகளைப் பாருங்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் சிறு நசுக்கு இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. விளிம்பில் நசுக்கு இருந்தால் இரண்டாவது சீல் பிடிக்காது. சந்தேகமான அலுமினிய அல்லது பிளாஸ்டிக் காப்ஸ்யூலை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக அழுத்திப் பிடித்தால், கசிவு உள்ள இடத்தில் தொடர்ந்து குமிழி வரும். சோதித்ததை விற்கக் கூடாது. தாள், மக்கும் வகைகளுக்கு இந்தச் சோதனை ஆகாது.

தகரக் கூரைக் கிடங்கில் சித்திரை வைகாசி வெயிலில் வைத்தால் உள் வாயு விரிந்து சீலை இழுக்கும், மணமும் சீக்கிரம் மங்கும். இதன் மேல் எண்ணெய் டின் அடுக்குவது விளிம்பை நாமே வளைப்பது. ஊட்டி, கொடைக்கானல் கடைக்காரர்கள் சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்புவதைப் பார்த்திருப்பார்கள். வெளிக் காற்றழுத்தம் அங்கே குறைவு. காப்ஸ்யூலும் அதேபோல் கூடுதலாகப் புடைக்கும், அதை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வாடிக்கையாளர் பெட்டியைக் கொண்டுவந்தால் முதலில் கேட்க வேண்டியது, “எல்லாமே இப்படியா, ஒன்றிரண்டா?” என்பது. பெட்டி முழுவதும் நீர்த்த காப்பி என்றால் இயந்திரத்தில் படிவு ஏறியிருக்கும், அல்லது மாடல் பொருந்தவில்லை. வேறு தயாரிப்பின் காப்ஸ்யூல் ஒன்றை அதே இயந்திரத்தில் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பத்தில் ஒன்று மட்டும் என்றால் காப்ஸ்யூலின் விளிம்பைப் பாருங்கள். காப்பி கெட்டியாக இறங்கியும் மணமில்லை, காறல் அடிக்கிறது என்றால் முதல் சீல் போயிருக்கிறது. அந்தத் தொகுதி எண்ணைக் குறித்து, பயன்படுத்திய காப்ஸ்யூலையும் காலிப் பெட்டியையும் சேர்த்து மொத்த வியாபாரிக்கு அனுப்புங்கள். தொகுதி எண் இல்லாமல் வாய்மொழியாகச் சொன்னால் அவர் கம்பெனியிடம் வாதாட முடியாது, நட்டம் நம் கணக்கில் நிற்கும்.