கொண்டையும் கணக்கும்



போன மாதக் கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் தன் 10 வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். "கை காலெல்லாம் குச்சியா இருக்கு, வயிறு மட்டும் தள்ளுது மேடம், சத்து பத்தலையோ?" என்று கேட்டார். எடை 32 கிலோ, உயரம் 134 செ.மீ. கணக்குப் போட்டுப் பார்த்து, "எடை குறைவுதான், இன்னும் நல்லா சாப்பிடக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அது தப்பு.

உயரம் அளக்கும்போது அந்தப் பிள்ளை தலையில் கொண்டை போட்டிருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போய், முடியை அவிழ்த்து, செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி அளந்தேன். 130தான்! 4 செ.மீ. பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 134க்கு அது 17.8. 130க்கு 18.9.

அதைவிடப் பெரிய தப்பு, பெரியவர்களின் அட்டவணையில் பார்த்தது. 18.9 என்பது 15 வயதுப் பெண்ணுக்குச் சாதாரணம், 5 வயதுக்கு உடல் பருமன். அதனால் பிள்ளைகளுக்கு வயதுவாரியாக, ஆண் பெண் தனித்தனியாக வளர்ச்சி வரைபடம் இருக்கிறது.

சரி, எந்த ஊர் வரைபடம்? இங்கேதான் விஷயமே. பி.எம்.ஐ.க்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டுக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு! இங்கிலாந்தில் 2017இல் வந்த ஆய்விலும், இந்தியா போன்ற தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளின் கொழுப்பைப் பி.எம்.ஐ. குறைத்தே காட்டுகிறது, சுமார் 1.1 கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. ஆப்பிரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நேர்மாறு, அங்கே கூடுதலாகக் காட்டுகிறது. அந்தக் கொண்டை மறைத்ததும் இதே 1.1தான்!

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் 5 முதல் 18 வயதுக்குத் தனி வரைபடம் தந்தது. பெரியவர்களுக்கு 25க்குப் பதில் 23 என்ற ஆசிய அளவை ஒட்டி, அதில் அதிக எடைக் கோட்டைக் கீழே இறக்கினார்கள். டாக்டரிடம் போனால் இந்த வரைபடத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 5 வயதுக்குள் அங்கன்வாடி அட்டையே போதும். அது இந்தியா உட்பட 6 நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டது.

வீட்டில் பார்க்க ஒரு நூல் போதும். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்துக்கு நூலை வெட்டி, பாதியாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். மூச்சை விட்டபின், இறுக்காமல். முனைகள் சேராவிட்டால் டாக்டரிடம் காட்டணும். நாமாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது, வளர்கிற பிள்ளை.

நம்ம பிள்ளைக்கு மடித்த நூல் 65 செ.மீ. வயிறு 68. பாட்டிக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. முன்னே சொன்னது தப்பு என்று அந்த அம்மாவிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூடப் போய் வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளின் பிறந்த தேதியை எழுதி எடுத்து வாருங்கள். "பத்து பத்தரை இருக்கும்" என்பது போதாது.