நாலடித் தொட்டியில் பெரிய மீன் எத்தனை?

கேள்வி: வீட்டு உப்புநீர்த் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெரிய மீன்கள் எத்தனை விடலாம்?
– வாசகர், நீலசந்திரா, பெங்களூரு

பதில்: ஒன்றுகூட வேண்டாம். இந்தத் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 255 லிட்டர். கல், மணல் போக மிஞ்சுவது 200 லிட்டர் சொச்சம். கடையில் மூன்று அங்குலக் குட்டியாக மினுக்கும் நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். மன்னார் வளைகுடாவிலும் வாழும் எம்பரர் ஏஞ்சல் 40 வரை. ‘அங்குலத்துக்கு இத்தனை லிட்டர்’ என்ற நன்னீர்க் கணக்கு இங்கே செல்லாது. நீளம் மூன்று மடங்கானால் எடை ஏறக்குறைய 27 மடங்கு. தீனியும் கழிவும் கூடவே ஏறும்.

நீல டாங் நீந்த ஆறடித் தொட்டியாவது வேண்டும். அதிலும் ஒன்றே போதும். இரண்டு விட்டால் வாலடிக் கத்திமுள்ளால் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். மின்வெட்டில் மோட்டார் நின்றால் மூச்சுக்குத் தவிப்பதும் பெரிய மீன்தான். ஆகவே பேட்டரி ஏர் பம்ப் எந்தத் தொட்டிக்கும் கட்டாயம்.

நாலடிக்கு ஏற்றவை ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு கோபி. கோமாளி மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிக்கவைத்தே வளர்த்திருக்கிறது. கேட்கும்போது பண்ணைக் குஞ்சாகவே கேட்டு வாங்கலாம்.